வரம்பு ஒன்று, வாசல் பல

2022ஆம் ஆண்டு ஐ.டி.பி.ஐ. வங்கியின் பங்குதாரர்கள் முன்னால் ஒரு தீர்மானம் வந்தது. நிர்வாக இயக்குநர் ராகேஷ் சர்மாவின் சம்பளத்தை மாதம் 2.64 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சமாக உயர்த்த ஒப்புதல் கேட்டது அந்தத் தீர்மானம். ஒரே தாவலில் ஏழரை மடங்கு! ஆள் மாறவில்லை; 2018 அக்டோபரிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் அவர்தான். வங்கியும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. மாறியது ஒரு முத்திரை மட்டும்தான். 2019 ஜனவரியில் எல்.ஐ.சி. அந்த வங்கியின் 51 சதவீதப் பங்குகளை வாங்கி முடித்தது. உடனே ரிசர்வ் வங்கி, 'இனி இது தனியார் வங்கி' என்று வகைப்படுத்திவிட்டது.

எல்.ஐ.சி. யாருடையது? சம்பள உயர்வுத் தீர்மானம் வந்த சமயத்தில் வங்கியின் 49 சதவீதப் பங்கு எல்.ஐ.சி.யிடமும், 45 சதவீதம் நேரடியாக மத்திய அரசிடமும் இருந்தது. நூறு ரூபாய்ப் பங்கில் தொண்ணூற்று நான்கு ரூபாய்க்குப் பொதுப் பணம்தான் சொந்தக்காரர். ஆனாலும் காகிதத்தில் அது தனியார். காகிதம் மாறியதும் உச்சவரம்பும் கரைந்துபோனது.

ராகேஷ் சர்மா நமக்குப் புதியவர் இல்லை. ஸ்டேட் பேங்கில் பல காலம் இருந்தவர். பிறகு கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தலைமை வகித்தார். 2015இல் கனரா வங்கிக்குப் போனார். அவர்மீது குற்றம் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் சட்டப்படி, அனுமதிகளோடு நடந்தது. நம்மை உறுத்தவேண்டிய கேள்வி வேறு. பொதுத்துறையில் உயர்பதவிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அது உண்மையில் யாரைக் கட்டுகிறது?

இதைக் கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. எட்டாவது ஊதியக் குழுவை மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அக்டோபர் இறுதியில் அதன் ஆய்வு வரம்புகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைவர். அறிக்கை தர 18 மாதம் அவகாசம். 'ஃபிட்மென்ட் ஃபேக்டர் என்ன, கையில் எவ்வளவு வரும், அரியர் உண்டா' என்று அரசு அலுவலகங்களில் இப்போதே கால்குலேட்டர் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அடிமட்டச் சம்பளம் 18,000 எவ்வளவாகும் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். மேல்முனையில் 2,50,000 என்று ஒரு கோடு இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஐந்நூறு ரூபாய்த் தீர்மானம்

இந்தக் கோட்டின் வரலாறு சுவையானது. 1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்குக் கிளம்பும் முன், வைஸ்ராய் இர்வினுக்கு காந்தி ஒரு கடிதம் எழுதினார். உப்பு வரி பற்றிய அந்தக் கடிதத்தில் சம்பளக் கணக்கும் இருந்தது. வைஸ்ராய்க்கு மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனின் ஒருநாள் வருமானமோ இரண்டணாவுக்கும் குறைவு. வைஸ்ராய் சராசரி இந்தியனைப்போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் வாங்குகிறார். பிரிட்டிஷ் பிரதமர் தம் நாட்டுச் சராசரி மனிதரைப்போல வெறும் தொண்ணூறு மடங்குதான் வாங்குகிறார் என்று இர்வினுக்கே கணக்குப் போட்டுக் காட்டினார் காந்தி.

அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸில் அது தீர்மானமாகவே ஆனது. அரசு ஊழியர் யாருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்றது 1931ஆம் ஆண்டின் அந்தத் தீர்மானம். அந்த வாசகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தென்படும். தனியாக அமர்த்தப்படும் நிபுணர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்ற விலக்கும் அதற்குள்ளேயே இருந்தது. வரம்பும் விலக்கும் இந்த நாட்டில் இரட்டைப் பிள்ளைகளாகத்தான் பிறந்தன.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி பதவியேற்றபோது அந்த ஐந்நூறு ரூபாய் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நீதிக்கட்சி ஆட்சியில் அமைச்சர்கள் மாதம் நாலாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள். காங்கிரஸ் அமைச்சர்களுக்கு ஐந்நூறு. வீட்டுக்கும் வண்டிக்கும் தனியே படி. ஆனால் அவர்கள் கோப்பில் கையெழுத்து வாங்க வந்து நின்ற ஐ.சி.எஸ். செயலாளர்களின் சம்பளமோ ஆயிரங்களில். அதில் ஒரு காசு குறைக்க அமைச்சர்களுக்கு அதிகாரம் இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வேலி போட்டுக் காத்தது. சுதந்திரம் வந்த பிறகும் அந்த வேலி இடம் மாறியதே தவிர விழவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரிகளின் பழைய சலுகைகளை அரசியலமைப்பின் 314ஆம் பிரிவு பாதுகாத்தது. அதை நீக்க 1972இல் 28ஆவது திருத்தம் வரவேண்டியிருந்தது. நாடு குடியரசாகி இருபத்திரண்டு ஆண்டு ஆன பிறகு!

முதல் ஊதியக் குழுவுக்குத் தலைவர் நம்மவர், நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார். 1947இல் அது குறைந்தபட்ச ஊதியம் 55 ரூபாய் என்றது. மத்திய அரசுச் செயலாளருக்கு 3,000. மேலுக்கும் கீழுக்கும் ஐம்பது மடங்குக்கு மேல் இடைவெளி. அதன்பிறகு வந்த குழுக்கள் அந்த இடைவெளியைப் பெருமளவு சுருக்கிவிட்டன. 1986இல் நடைமுறைக்கு வந்த நான்காவது குழுவில் அடியில் 750, உச்சியில் கேபினட் செயலாளருக்கு 9,000, பன்னிரண்டு மடங்கு. இப்போதைய ஏழாவது குழுவில் அது சற்றே விரிந்து, 18,000க்கும் 2,50,000க்கும் இடையே கிட்டத்தட்ட பதினான்கு. எந்தப் பெரிய தனியார் நிறுவனத்திலும் காணமுடியாத நெருக்கம் இது. சமத்துவம் பேசுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் இந்திய அரசாங்கத்தைத் தாராளமாகப் பாராட்டலாம்.

ஜனாதிபதியை மிஞ்சிய செயலாளர்

ஆனால் கோடு போட்டவர்கள் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகப் போடவில்லை. 2016 ஜனவரி முதல் கேபினட் செயலாளருக்கு 2.5 லட்சம் என்று ஆனபோது குடியரசுத் தலைவருக்குச் சம்பளம் 1.5 லட்சம். முப்படைகளின் தலைமைத் தளபதியைவிட அவருக்குக் கீழே வேலைபார்க்கும் அதிகாரிக்கு ஒரு லட்சம் கூடுதல். இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அருண் ஜேட்லி அதைச் சரிசெய்தார். குடியரசுத் தலைவருக்கு 5 லட்சம், துணைத் தலைவருக்கு 4 லட்சம், ஆளுநர்களுக்கு 3.5 லட்சம்.

பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் அடிப்படைச் சம்பளம் எம்.பி.க்களுக்கு உள்ளதுதான். 2025 மார்ச் அறிவிப்புப்படி அது 1.24 லட்சம்; படிகள் தனி. பிரிட்டனில் 2010இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிரதமரின் சம்பளத்தைவிட, அதாவது அன்றைக்கு ஆண்டுக்கு 1,42,500 பவுண்டைவிட, அதிகமாக யாருக்கும் அரசுப் பணம் கொடுக்கவேண்டுமென்றால் நிதி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அதே அளவுகோலை டெல்லியில் வைத்தால் என்ன ஆகும்? இணைச் செயலாளருக்கு லெவல் 14. அதன் ஆரம்பமே 1,44,200. மத்திய அமைச்சகங்களில் இருக்கும் ஒவ்வோர் இணைச் செயலாளருக்கும் தனித்தனியாக அனுமதிக் கோப்பு ஓடவேண்டியிருக்கும்.

ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். 2015இல் ரிசர்வ் வங்கி தன் அதிகாரிகளின் சம்பள விவரத்தை வெளியிட்டது. ஆளுநர் ரகுராம் ராஜனுக்கு அடிப்படைச் சம்பளம் 90,000, அகவிலைப்படி 1,01,700, இதரப் படி 7,000. மொத்தம் 1,98,700 ரூபாய். அதே பட்டியலில் அவரைவிட அதிகம் வாங்கிய அதிகாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். நாட்டின் ரூபாய் நோட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவர், தம் அலுவலகச் சம்பளப் பட்டியலிலேயே நான்காவது இடம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை வங்கியாளர் மாநாட்டில் ராஜன் சொன்ன கருத்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொதுத்துறை கீழ்மட்டத்தில் அதிகமாகவும் மேல்மட்டத்தில் குறைவாகவும் கொடுக்கிறது என்றார். தமக்கும் அந்தக் குறை உண்டு என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் முதல் பாதிக்கு ஆதாரம் ஏழாவது ஊதியக் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம். நிறுவனத்தை வைத்து ஓர் ஒப்பீட்டு ஆய்வு செய்தார்கள். அரசில் கடைநிலை உதவியாளருக்கு எல்லாம் சேர்த்து மாதம் 22,579 ரூபாய். தனியாரில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 வரை. இதை வைத்து 'கடைநிலை ஊழியருக்கு ஏன் இவ்வளவு' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டாயிரம் கொடுப்பவரைத்தான் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

இரண்டாவது பாதிக்கு வங்கிகளைப் பார்த்தால் போதும். 2022-23 நிதியாண்டில் ஸ்டேட் பேங்க் தலைவர் தினேஷ் காராவின் ஆண்டுச் சம்பளம் சுமார் 37 லட்சம். அடிப்படை 27 லட்சம், அகவிலைப்படி 9.99 லட்சம். மாதம் 2.25 லட்சம் அடிப்படை என்றால், அவர் மத்திய அரசுச் செயலாளருக்குச் சமம். அதே ஆண்டு எச்.டி.எஃப்.சி. வங்கியின் தலைமை அதிகாரி சஷிதர் ஜெகதீஷன் பெற்றது 10.55 கோடி. இருபத்தெட்டு மடங்கு. அந்த ஆண்டு லாபம்? ஸ்டேட் பேங்குக்கு 50,232 கோடி, எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு 44,109 கோடி.

இந்த இடத்தில் பலரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: சம்பளம் கொட்டிக் கொடுத்தால்தான் திறமைசாலிகள் வருவார்கள். அப்படியானால் 2020இல் நடந்ததற்கு என்ன விளக்கம்? யெஸ் வங்கி தனியார் சம்பளம் கொடுத்த வங்கிதான். மார்ச் மாதம் மூச்சுத் திணறியபோது ஓடிவந்து சுமார் 48 சதவீதப் பங்கை வாங்கித் தூக்கி நிறுத்தியது அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் நடத்தும் ஸ்டேட் பேங்க். நிலைமையைச் சமாளிக்க அனுப்பப்பட்டவரும் ஸ்டேட் பேங்க் அதிகாரியான பிரசாந்த் குமார்தான். அதே ஆண்டு நவம்பரில் நம் லட்சுமி விலாஸ் வங்கியும் முடங்கியது. 1926இல் கரூரில் வணிகர்கள் கூடி ஆரம்பித்த வங்கி, டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. சம்பளம் கூடினால் நிர்வாகம் கூடும் என்பதற்கு இந்த நாட்டு அனுபவம் அப்படியொன்றும் சாட்சி சொல்லவில்லை.

விலக்குகளின் அகராதி

அப்படியானால் வரம்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அரசே விட்டுவைக்கவில்லை. விதவிதமான வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது.

இவற்றில் நேர்மையான வாசல், ஒழுங்குமுறை ஆணையங்களுக்கானது. செபி தலைவர் பதவிக்கு 2025 ஜனவரியில் வந்த விளம்பரம் இதற்கு நல்ல உதாரணம். தேர்வாகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, மத்திய அரசுச் செயலாளருக்கு உள்ள சம்பளம். இல்லையென்றால், வீடும் காரும் கிடையாது, மாதம் மொத்தமாக 5,62,500 ரூபாய். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது? ஆணையத் தலைவர்களுக்கு ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்தது 4.5 லட்சம். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறினால் அந்தத் தொகையில் கால்பங்கு கூட்டவேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டது. 4,50,000 கூட்டல் 1,12,500. கணக்கு சரி.

அந்த விளம்பரம் வந்த சமயத்தில் அகவிலைப்படி 53 சதவீதம். செயலாளரின் 2.25 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் சுமார் 3.44 லட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அரசு தரும் வீட்டுக்கும் காருக்கும் அரசே போட்ட விலைச்சீட்டு என்றே இதைப் படிக்கலாம். வேறெங்கும் இந்த விலையை அது வெளியே சொல்வதில்லை. டெல்லியின் லுட்யென்ஸ் பங்களாவில் குடியிருக்கும் அதிகாரி சில ஆயிரம் ரூபாய் உரிமக் கட்டணம் கட்டுகிறார். ஸ்டேட் பேங்க் தலைவர் வசிப்பது மும்பை மலபார் ஹில்லில் 'டுனெடின்' என்ற பங்களாவில். சந்தையில் அந்த வீட்டுக்கு என்ன வாடகை வரும் என்று கணக்குப் போட்டால் 37 லட்சம் ரூபாய்ச் சம்பளம் என்பதே அர்த்தமிழந்துபோகும். சம்பளத்துக்கு வரம்பு வைத்தவர்கள் சலுகைக்கு வைக்கவில்லை. 1937இலும் இதே கதைதான்.

டாக்டர்களுக்கு வேறு மாதிரி. தனியாக பிராக்டிஸ் செய்யக்கூடாது என்பதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் படி. இரண்டும் சேர்ந்து 2,37,500ஐத் தாண்டக்கூடாது. செயலாளரின் 2,25,000க்கும் கேபினட் செயலாளரின் 2,50,000க்கும் சரிபாதி! அந்தப் பாதிப்புள்ளியைக் கண்டுபிடித்த குமாஸ்தாவைப் பார்த்துக் கைகுலுக்கவேண்டும்போல இருக்கிறது. ஓய்வுபெற்று மறுபடி வேலைக்கு வருகிறவருக்கோ பென்ஷனும் சம்பளமும் சேர்ந்து 2,25,000தான் எல்லை.

பொதுத்துறை நிறுவனங்கள் தனி உலகம். 2017 ஆகஸ்ட் உத்தரவுப்படி 'ஏ' பட்டியல் நிறுவனத் தலைவருக்கு அடிப்படைச் சம்பளம் 2 லட்சத்தில் தொடங்கி 3.7 லட்சம் வரை போகலாம். அவர் பதில் சொல்லவேண்டிய அமைச்சகச் செயலாளரின் சம்பளமோ 2.25 லட்சத்தில் நிற்கிறது. இதற்குமேல் செயல்திறன் ஊதியம் வேறு. தலைவருக்கு அடிப்படையில் 150 சதவீதம் வரை. அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: மொத்தப் பங்கீடு லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நெய்வேலி என்.எல்.சி. போல லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு இது இனிப்பு. நஷ்டத்தில் ஓடும் பி.எஸ்.என்.எல்.லில் 2017 சம்பள விகிதமே இன்னும் அமலாகவில்லை. அங்கே உச்சவரம்பு பற்றிய கவலையே யாருக்கும் இல்லை, எட்டினால்தானே இடிக்கும்.

கடைசி வாசல்தான் பெரியது. அதில் பெயர்ப்பலகையே கிடையாது. அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அரசு நிறுவனம் இல்லை. ஆகவே வரம்பும் இல்லை. உள்கட்டமைப்புக்கென மத்திய அரசு தொடங்கிய என்.ஐ.ஐ.எஃப். நிதியத்தை நடத்தும் நிறுவனத்தில் அரசின் பங்கு 49 சதவீதம். அந்த ஒன்றிரண்டு சதவீதம் குறைவதில்தான் சூட்சுமம்.

இதன் விநோதத்தை நம் மாநிலத்தில் வெகு அருகிலேயே பார்க்கலாம். ஓசூரில் டைட்டன். 1984இல் டாடாவோடு கைகோத்து டிட்கோ தொடங்கிய கூட்டு நிறுவனம். இன்றைக்கும் அதில் 27.88 சதவீதத்தோடு தனிப்பெரும் பங்குதாரர் தமிழக அரசின் டிட்கோதான். டாடா குழுமத்துக்கு 25 சதவீதம் சொச்சம். தலைவர் நாற்காலியில் டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆனால் நிறுவனத்தை நடத்தும் நிர்வாக இயக்குநருக்குச் சம்பளம் கோடிகளில், சந்தை விலைப்படி. இனி கரூர் பக்கம் காகிதபுரத்துக்கு வாருங்கள். டி.என்.பி.எல். காகித ஆலையில் தமிழக அரசின் பங்கு 35.32 சதவீதம். சட்டக் கணக்கில் இதுவும் அரசு நிறுவனம் இல்லை. ஆனால் தலைவரும் நிர்வாக இயக்குநருமாக வருபவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அரசுச் சம்பளம், எப்போது வேண்டுமானாலும் மாற்றல். இரண்டுமே சிறுபான்மைப் பங்கு வைத்துள்ள நிறுவனங்கள். ஒன்றில் வரம்பு பறந்துவிட்டது, இன்னொன்றில் தேவையே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால் 'வழக்கம்' என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது. டைட்டன் எங்கே போயிருக்கிறது, டி.என்.பி.எல். எங்கே நிற்கிறது என்பதைப் பங்குச்சந்தை பார்க்கும் வாசகர்கள் அறிவார்கள். அதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. நாற்காலியில் ஒருவரை நிம்மதியாகப் பத்து ஆண்டு உட்காரவிடுவது அதைவிடப் பெரிய காரணம்.

வெளியிலிருந்து வருகிறவர்

வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முயற்சிகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். 2018இல் மத்திய அரசு பத்து இணைச் செயலாளர் பதவிகளுக்குத் தனியாரிலிருந்து விண்ணப்பம் கேட்டது. 6,077 பேர் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஒன்பது பேர் தேர்வானார்கள். சம்பளம் அதே லெவல் 14. 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வந்த விளம்பரம், இட ஒதுக்கீடு எங்கே என்ற நியாயமான கேள்வி எழுந்ததும் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. 2025 அக்டோபரில் ஸ்டேட் பேங்கின் நான்கு நிர்வாக இயக்குநர் பதவிகளில் ஒன்றுக்குத் தனியார் துறையினரும் வரலாம் என்று விதி தளர்ந்தது. தனியார் வங்கியில் கோடிகளில் வாங்கும் ஒருவர் அங்கே வரவேண்டுமானால், ஒன்று சம்பளத்தைத் துறக்கும் தியாகியாக இருக்கவேண்டும்; அல்லது அந்தப் பதவியை அடுத்த பதவிக்கான படிக்கட்டாகப் பார்ப்பவராக இருக்கவேண்டும்.

இரண்டாவது ரகத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும். சம்பளத்தைக் கட்டிப்போட்டால் அதன் மிச்சம் ஓய்வுக்குப் பிறகு வந்து சேர்கிறது. தனியார் நிறுவன இயக்குநர் பதவி, ஆலோசகர் பதவி, ஆணையப் பதவி, தீர்ப்பாயப் பதவி. தனியாரில் சேரச் செயலாளர்களுக்கு ஓராண்டு இடைவெளி கட்டாயம். அனுமதி பெற்றால் அதுவும் சுருங்கும். இதில் பெரும்பாலானவை முறையானவைதான். ஆனால் பதவியில் இருக்கும்போது கொடுக்காத பணத்தை, பதவி போனபிறகு வேறொருவர் கொடுக்கிறார் என்றால், கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்த அதிகாரி யாருடைய முகத்தைப் பார்த்து வேலை செய்வார்? உச்சவரம்பின் உண்மையான செலவு இதுதான் என்பேன். எந்த பட்ஜெட்டிலும் இது வராது.

நெதர்லாந்தில் 2013 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் அமைச்சரின் சம்பளத்தில் 130 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 2015இல் அதை அமைச்சரின் சம்பளத்துக்கே சமமாக இறக்கினார்கள். 2025இல் அந்த எல்லை ஆண்டுக்கு 2,46,000 யூரோ. அரசு அலுவலகங்களுக்கு மட்டுமின்றி மருத்துவமனை, பல்கலைக்கழகம், வீட்டுவசதிச் சங்கம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கே வரம்பும் போகும். பங்கு 49ஆ 51ஆ என்று யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை. உயர்பதவியில் இருப்பவரின் சம்பளம் பெயரோடு ஆண்டறிக்கையில் வந்தாகவேண்டும். விலக்கு வேண்டுமென்றால் அமைச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். அங்கும் முணுமுணுப்பு உண்டு, நல்ல டாக்டர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயமுறுத்தல் உண்டு. ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்பது ஊருக்குத் தெரியும்.

நம்மிடம் இல்லாதது அதுதான். வரம்பு நம்மிடம் இருக்கிறது, விலக்குகளும் தாராளமாக இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்த பட்டியல் ஒன்று எங்கேயும் இல்லை. ஐ.டி.பி.ஐ. விவரம் தெரிந்தது பங்குச்சந்தைக்கு அறிவிக்கவேண்டிய கட்டாயத்தால். ரிசர்வ் வங்கி விவரம் தெரிந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருப்பதால். இவை இரண்டுக்கும் வெளியே நிற்கும் நிறுவனங்களில், அறக்கட்டளைகளில், சிறப்பு நோக்க அமைப்புகளில், ஒப்பந்த ஆலோசகர்களுக்கு என்ன போகிறது என்பதைச் சாமானியர் அறிய வழியில்லை.

எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்பிலேயே பொதுத்துறை, தனியார் துறைச் சம்பளங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எனவே இது குழுவுக்கு அப்பாற்பட்ட விஷயம் இல்லை. 2.5 லட்சத்தை எவ்வளவாக ஆக்கினாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. கேபினட் செயலாளருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் கஜானா காலியாகிவிடாது. கேட்பது வேறு. அரசின் நேரடிப் பங்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காமல், அரசும் அரசு நிறுவனங்களும் சேர்ந்து பெரும்பங்கு வைத்துள்ள எல்லா அமைப்புகளுக்கும் ஒரே வரம்பு வேண்டும். நிபுணருக்கு அதற்குமேல் தேவையென்றால் தாராளமாகக் கொடுக்கட்டும். யாருக்கு, எவ்வளவு, எதற்காக, எத்தனை ஆண்டுக்கு என்ற நான்கு விவரத்தையும் நிதி அமைச்சகம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். வீட்டுக்கும் காருக்கும் சந்தை மதிப்புப் போட்டு அதையும் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டட்டும். செபி விளம்பரத்தில் ஏற்கெனவே செய்திருக்கும் காரியம்தான் இது. அதை எல்லோருக்கும் செய்யுங்கள் என்று ஒரு வரி பரிந்துரைக்க நீதிபதி தேசாய் குழுவுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.